நேற்று வந்த குருவிதானா இது? பெட்டிக் குருவியை ஆள் அடையாளம் காண 25 குறிப்புகள்

தஞ்சாவூர்ப் பக்கத்தில் அறுப்பு முடிந்ததும் வாசல் உத்திரத்தில் ஒரு கொத்து நெற்கதிர் கட்டித் தொங்கவிடுவார்கள். அது குருவியின் பங்கு. நாட்டு ஓடு போய்த் தளம் வந்ததும், கதிர் கட்ட உத்திரமும் இல்லை, கூடு வைக்க ஓட்டு இடுக்கும் இல்லை. அதற்குப் பரிகாரம் போலப் பல வீடுகளில் இப்போது சன்ஷேடுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி தொங்குகிறது.

பெட்டி வைத்தவர்கள் எல்லோரும் தவறாமல் சொல்கிற ஒன்று உண்டு: "போன வருசம் வந்த அதே ஜோடிதான் இந்த வருசமும் வந்திருக்கு." அதே ஜோடி என்று எப்படித் தெரியும் என்று கேட்டால் பதில் வராது. பெட்டி வைத்து நான்கு வருடம் வரை என்னிடமும் பதில் இல்லை. ஆட்டுக்காரருக்குத் தன் மந்தையில் ஒவ்வோர் ஆட்டையும் தெரிகிறது. குருவி விஷயத்திலும் அது முடியும். குருவியைப் பிடிக்க வேண்டாம், தொட வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பென்சில், காலையில் இருபது நிமிடம் போதும்.

பெட்டியும் இருக்கையும்

1. பார்க்க வசதியான இடத்தில் பெட்டி. எட்டு முதல் பத்து அடி உயரம், மேலே சன்ஷேடு அல்லது தாழ்வாரத்தின் மறைப்பு. மேற்கு வெயில் நேராக அடிக்கக் கூடாது, ஐப்பசி கார்த்திகைச் சாரல் வாசலுக்குள் போகக் கூடாது. பூனை ஏறும் மதிலுக்குப் பக்கத்திலும் வேண்டாம். இத்தனையும் பார்த்த பிறகு இன்னொன்றும் பாருங்கள்: காலை வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து பெட்டி மேல் விழ வேண்டும். குருவிக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் எல்லாக் குருவியும் கரிக்கட்டைதான்.

2. வாசல் ஒன்றேகால் அங்குலம். அதாவது 32 மி.மீ. தச்சரிடம் சொன்னால் ஹோல்-சா வைத்து ஒரு நிமிடத்தில் போட்டுத் தருவார். இந்த அளவுக்குள் சிட்டுக்குருவி நுழையும், மைனா நுழையாது. வாசலுக்குக் கீழே அழகுக்கு ஒரு குச்சி செருகி விற்கிறார்கள். அது குருவிக்குத் தேவையில்லை. காக்கையும் அணிலும் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்க்கத்தான் உதவும். பிடுங்கிவிடுங்கள்.

3. குச்சியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பிடுங்கிய குச்சியை எறிய வேண்டாம். பெட்டியிலிருந்து நாலைந்து அடி தள்ளி ஒரு ஆணியிலோ கொடிக்கம்பியிலோ கட்டுங்கள். உள்ளே போகும் முன் குருவி அங்கே ஒரு வினாடி உட்கார்ந்து சுற்றிலும் பார்க்கும். நீங்கள் அதைப் பார்க்க வேண்டிய வினாடி அதுதான். வாசலில் நுழையும்போது பார்க்க முயன்றால் வால் மட்டும்தான் மிஞ்சும்.

4. ஒரே நாற்காலி, ஒரே இடம், ஒரே நேரம். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, நாள்தோறும் ஒரே இடத்தில் உட்காருங்கள். மூன்று நான்கு நாளில் நீங்களும் திண்ணைத் தூண் மாதிரி ஆகிவிடுவீர்கள், குருவி உங்களைச் சட்டை செய்யாது. நாளுக்கு ஒரு இடமாக மாறினால் தூரமும் வெளிச்சமும் மாறி, ஒரே குருவி நான்கு குருவியாகத் தெரியும்.

முதலில் இனம், பிறகு ஆண் பெண்

5. தூக்கணாங்குருவிப் பெட்டையிடம் ஏமாறாதீர்கள். நெல் விளைகிற நம் ஊரில் முதல் குழப்பம் இதுதான். தூக்கணாங்குருவியில் பெட்டையும், இனப்பெருக்கக் காலம் தவிர மற்ற நாட்களில் ஆணும், சிட்டுக்குருவிப் பெட்டையைப் போலவே இருக்கும். முதுகில் கோடு, தவிட்டு நிறம், தடித்த அலகு எல்லாம் ஒன்று. தூக்கணாங்குருவியின் வால் குட்டை, முகத்திலும் மார்பிலும் ஒரு மஞ்சள் பூச்சு இருக்கும். நொய் போட்ட இடத்துக்கு இரண்டும் சேர்ந்து வரும். பெட்டிக்குள் போவது சிட்டுக்குருவி மட்டும். மற்றது வாய்க்கால் ஓரத்துப் பனையிலும் தென்னையிலும் தானே வீடு கட்டிக்கொள்ளும்.

6. ஆணுக்குத் தாடி, பெட்டைக்குப் புருவம். ஆண் குருவிக்குத் தலை உச்சி சாம்பல், பிடரி செங்காவி, தொண்டையிலிருந்து மார்பு வரை கறுப்புத் தாடி. பெட்டைக்குத் தாடி கிடையாது. கண்ணுக்குப் பின்னால் வெளிறிய புருவக்கோடு ஓடும். ஐரோப்பிய நூல்களின் படத்தை வைத்துப் பார்த்தால் "கன்னம் இவ்வளவு வெள்ளையாக இருக்கிறதே" என்று சந்தேகம் வரும். நம் நாட்டுச் சிட்டுக்குருவி கொஞ்சம் சிறியது, கன்னமும் அவர்களுடையதைவிட வெள்ளை.

7. பெட்டைக் கூட்டம் என்று எண்ணுவது பெரும்பாலும் பிள்ளைக் கூட்டம். கூட்டைவிட்டு வெளியேறிய குஞ்சு, ஆணோ பெண்ணோ, தாய் நிறத்தில்தான் இருக்கும். கடைவாயில் மஞ்சள் ஓரம் இருக்கிறதா, இறக்கையைப் படபடவென்று நடுக்கித் தீனி கேட்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் குஞ்சு. முட்டை பொரிய பன்னிரண்டு நாள் போல, குஞ்சு வெளியே வர இன்னும் ஒரு பதினைந்து நாள். இந்தக் கணக்கைக் காலண்டரில் குறித்துவைத்தால், "திடீரென்று ஐந்து பெட்டைகள் வந்தன" என்று அதிசயிக்க வேண்டியிருக்காது.

ஆண் குருவிகளைப் பிரித்தறிய

8. தாடியின் கீழ் விளிம்பைப் பாருங்கள். தாடி பெரிதா சிறிதா என்று மட்டும் பார்த்தால் தவறு வரும். குருவி தலையைத் தூக்கினால் தாடி நீளும், குனிந்தால் மறையும். ஆகவே அளவை விட்டுவிட்டு வடிவத்தைப் பாருங்கள். கீழ் விளிம்பு நேராக முடிகிறதா, கூராக இறங்குகிறதா, ரம்பப் பல் மாதிரி இருக்கிறதா, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்குகிறதா? மார்பில் தாடிக்கு வெளியே தனியாக ஒன்றிரண்டு கறுப்புப் பொட்டு இருக்கிறதா? ஐந்தாறு ஆண்கள் வந்தாலும் விளிம்பு ஒன்றுபோல் இராது.

9. தாடி ஒளிந்துகொள்ளும் காலம் உண்டு. இந்தக் குறிப்பை நான் அசடு வழிந்து கற்றுக்கொண்டேன். எங்கள் பெட்டிக்கு வந்த ஓர் ஆணுக்கு இடது பக்கத் தாடி பாதியோடு நின்றிருக்கும். அரைத்தாடி என்று பெயர் வைத்திருந்தேன். ஒரு வருடம் ஐப்பசி அடைமழை விட்டபோது அரைத்தாடியைக் காணோம். தொண்டை சாம்பல் பூத்த, தாடியே இல்லாத மாதிரி ஓர் ஆண் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தது. "அரைத்தாடி போய்விட்டான், புது ஆள்" என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

தை பிறந்து புது ஆளின் தாடி கறுக்கத் தொடங்கியது. மாசியில் ஒருநாள் அது குச்சியில் உட்கார்ந்து காலைத் தூக்கிக் கன்னத்தைச் சொறிந்தபோதுதான் பார்த்தேன்: வலது கால் நடுவிரலில் பாதி இல்லை. அரைத்தாடிக்கும் அப்படித்தான். பழைய படங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. அடிக்கோட்டை அழிக்க முடியவில்லை, பேனாவால் போட்டிருந்தேன்.

நடந்தது இதுதான். இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும்போது தாடி இறகுகளின் நுனி வெளிறியிருக்கும். அந்த நுனிகள் உள்ளேயிருக்கும் கறுப்பை மூடிவிடும். நாள் செல்லச் செல்ல நுனி தேய்ந்து, இனப்பெருக்கக் காலத்துக்குச் சரியாகத் தாடி வெளியே வரும். புதிதாக வரும் தாடியின் வடிவமும் பழையதைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

10. அலகின் நிறம் ஆளைச் சொல்லாது, பருவத்தைச் சொல்லும். கூடு வைக்கும் காலத்தில் ஆணின் அலகு கன்னங்கரேலென்று இருக்கும். மற்ற நாட்களில் வெளிறிப் பழுப்பாகும். ஆகவே "கறுப்பு மூக்கன்", "வெளுத்த மூக்கன்" என்று இரண்டு பெயர் வைத்தால், ஒரே குருவிக்கு இரண்டு ரேஷன் கார்டு கொடுத்த கதைதான்.

11. பெரிய தாடிக்காரன்தான் தலைவன் என்று எழுதிவிடாதீர்கள். தாடி பெரிதாக இருந்தால் கூட்டத்தில் அதிகாரமும் பெரிது என்று பல வருடங்களாகப் பாடநூல்களில் இருந்தது. 2018-ல் பழைய ஆய்வுகளையும் புதிய தரவுகளையும் ஒன்றாகத் திரட்டிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், அந்தத் தொடர்புக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று காட்டினார்கள். நொய்த் தட்டில் யார் யாரை விரட்டுகிறார் என்று நேரே பார்த்து எழுதுங்கள், தாடியைப் பார்த்து ஊகிக்க வேண்டாம்.

பெட்டைகளைப் பிரித்தறிய

12. புருவம், இறக்கைப் பட்டை, முதுகுக் கோடு. பெட்டைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போலத் தெரியும். இந்த மூன்று இடத்தையும் வரிசையாகப் பார்க்கப் பழகுங்கள். புருவக்கோடு கண்ணுக்கு நேர் பின்னால் தொடங்குகிறதா, கொஞ்சம் தள்ளியா? அகலமா, நூல் மாதிரியா? தோள்பட்டைக்குக் கீழே உள்ள வெளிர்ப்பட்டை முழுசாக இருக்கிறதா, நடுவில் அறுந்திருக்கிறதா? முதுகின் கருங்கோடுகளில் எங்காவது இடைவெளி உண்டா? மூன்றில் இரண்டு பொருந்தினால் "இருக்கலாம்" என்று எழுதுங்கள். மூன்றும் பொருந்தினால் பெயர் வையுங்கள்.

13. விடியலில் முதலில் வெளியே வருபவள்தான் வீட்டுக்காரி. அடைகாக்கும் நாட்களில் இரவு முழுதும் முட்டை மேல் படுத்திருப்பது பெட்டை. பகலில் ஆணும் மாற்றாள் போல உட்கார்ந்து எழும். இரவுக் காவல் அவளுடையது. எனவே வெளிச்சம் கீறும் முன்பே நாற்காலியில் உட்காருங்கள். பால்காரர் மணிச் சத்தத்துக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு தலை வாசலில் எட்டிப் பார்க்கும், வெளியே வந்து சோம்பல் முறிக்கும். அந்த ஒரு பார்வை, பகல் முழுதும் பார்த்ததைவிட உறுதியானது. பகலில் பெட்டி மேல் உட்காரும் பெட்டைகளில் விருந்தாளியும் உண்டு, வீடு பார்க்க வந்தவளும் உண்டு.

14. வளைந்த வாலைக் கவனியுங்கள். சிறிய பெட்டிக்குள் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பறவையின் வால் ஒரு பக்கமாக மடிந்து வளைவதுண்டு. நொய்த் தட்டில் மேயும் பெட்டைகளில் ஒருத்திக்கு மட்டும் வால் கோணலாக இருந்தால், அவள் எங்கோ அடைகாக்கிறாள் என்று ஊகிக்கலாம். அந்த வாரத்துக்கு அது அருமையான அடையாளம், அந்த வாரத்துக்கு மட்டும்.

அடையாளத்தின் ஆயுள்

15. ஒவ்வொரு அடையாளத்துக்கும் காலாவதித் தேதி உண்டு. மருந்துச் சீட்டு மாதிரி இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

- பிடுங்கப்பட்ட வால் இறகு: சில வாரங்களில் மீண்டும் முளைத்துவிடும்.
- ஒடிந்த இறகு: அடுத்த இறகு உதிர்ப்பு வரை அப்படியே இருக்கும்.
- அலகில் சின்னச் சில்லு: அலகும் நகம் போல வளர்வது, தேய்ந்து மறையும்.
- கோணல் அலகு: எளிதில் மாறாது.
- இறகில் வெள்ளைப் பொட்டு: பெரும்பாலும் திரும்ப வரும். காயத்தாலோ சத்துக் குறைவாலோ வந்த வெள்ளை மாறிவிடவும் கூடும்.
- காலில், கண்ணோரத்தில் மரு போன்ற கட்டி: அம்மை நோயாக இருக்கலாம், ஆறியதும் போய்விடும்.
- இழந்த விரல்: ஆயுள் முழுதும்.

இறகை நம்பி ஒரு பருவத்தைக் கடக்கலாம். வருடத்தைக் கடக்க எலும்புதான் வேண்டும்.

16. ஆகவே, முதலில் காலைப் பாருங்கள். முகத்தைப் பார்ப்பது நம் மனிதப் பழக்கம். குருவியிடம் காலிலிருந்து தொடங்குங்கள். கூடு கட்ட எடுத்துவரும் நைலான் இழை, மீன்வலை நரம்பு, தலைமுடி ஆகியவை காலில் சுற்றி இறுகி, விரல் பட்டுப்போய் விழுவது உண்டு. வருத்தமான விஷயம்தான். ஆனால் அடையாளத்துக்கு அதைவிட உறுதியானது இல்லை. எந்தக் கால், முன் மூன்று விரலில் எது, அல்லது பின்விரலா என்று குறியுங்கள். கையோடு இன்னொரு வேலையும் செய்யுங்கள்: வீட்டைச் சுற்றிக் கிடக்கும் நூல், நரம்பு, சீப்பில் வந்த முடி எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

17. இடது வலது குருவியுடையது. உங்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் குருவியின் இடது பக்கம் உங்களுக்கு வலதில் தெரியும். எப்போதும் குருவியின் இடது வலதையே எழுதுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில கைபேசிகளின் முன்பக்கக் கேமரா படத்தைக் கண்ணாடி போலத் திருப்பிச் சேமிக்கும். அதில் எடுத்த படத்தை வைத்து இடது வலது எழுதினால் இல்லாத குருவி ஒன்று பிறந்துவிடும்.

18. குளித்து வந்த குருவியை அடையாளம் காணாதீர்கள். நனைந்தால் எல்லா இறகும் கறுக்கும், தாடி விரியும், புருவம் மறையும். மண்குளியல் முடித்து வந்தால் வெள்ளைக் கன்னம் செம்மண் ஆகிவிடும். உலரட்டும். அரை மணி கழித்து வேறு ஆளாகத் தெரியும்.

நடத்தையும் எண்ணிக்கையும்

19. வரும் வழியை வரைந்துவையுங்கள். குருவிக்கும் தடம் உண்டு. எங்கள் வீட்டில் ஒன்று கேபிள் ஒயரில் உட்கார்ந்து, கொய்யாக் கிளைக்கு வந்து, பிறகுதான் பெட்டிக்கு வரும். இன்னொன்று மீட்டர் பெட்டி மேலிருந்து நேரே பாயும். ஒன்று வாசல் விளிம்பில் நின்று யோசிக்கும், ஒன்று நிற்காமலே புகுந்துவிடும். இது மட்டும் சாட்சியாகாது. உருவ அடையாளம் இரண்டோடு சேர்ந்தால் நல்ல சாட்சி. ஒரே ஆண் மணிக்கணக்காகப் பெட்டி வாசலில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தால், அதற்கு இன்னும் துணை கிடைக்கவில்லை என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம்.

20. ஒரே நேரத்தில் கண்ணில் பட்டால்தான் இரண்டு. அடுத்தடுத்து வந்த இரண்டு ஆண்கள் ஒன்றாகவே இருக்கலாம். ஒன்று என்று நினைத்தது இரண்டாகவும் இருக்கலாம். இதற்கு ஒரே வழி வரவு செலவுக் கணக்கு. உள்ளே போனால் ஒரு கோடு, வெளியே வந்தால் ஒரு கோடு. உள்ளே போன பெட்டை வெளியே வராமலே இன்னொரு பெட்டை உள்ளே போனால், பெட்டைகள் இரண்டு. சில ஆண்கள் ஒரே சமயத்தில் இரண்டு பெட்டைகளோடு குடும்பம் நடத்துவது ஆராய்ச்சியில் பதிவானதுதான், பதறவேண்டாம்.

21. 'அதே ஜோடி' என்று சொல்லும் முன் சாலிம் அலியை நினையுங்கள். இந்தியப் பறவையியலின் பெரியவர் சாலிம் அலி, 1896-ல் பிறந்தவர், பம்பாய் கேத்வாடியில் வளர்ந்தவர். பத்து வயதுச் சிறுவனாக, குதிரை லாயத்தில் கூடு வைத்திருந்த ஒரு பெட்டைக் குருவியைக் கவனித்தார். வாசலுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி மேல் காவல் இருந்த ஆணைத் தன் ஏர்கன்னால் சுட்டார். கொஞ்ச நேரத்திலேயே வேறு ஓர் ஆண் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. அதையும் சுட்டார். இப்படி ஏழு நாளில் எட்டு ஆண்கள். அந்த வயதிலேயே அவர் இதைக் குறித்துவைத்திருந்தார்.

இன்று நமக்கு மனம் கூசும் விளையாட்டு அது. ஆனால் அவர் சுடாமல் வெறுமனே பார்த்திருந்தால், அந்த ஆணி மேல் ஏழு நாளும் ஒரே ஆண் உட்கார்ந்திருந்ததாகத்தான் தெரிந்திருக்கும். பூனையோ வல்லூறோ நம் கண்ணில் படாமல் ஒன்றைத் தூக்கிப்போனாலும் இதுதான் நடக்கும். பிரிட்டனில் டெனிஸ் சம்மர்ஸ்-ஸ்மித் குருவிகளின் காலில் வண்ண வளையம் போட்டுப் பல வருடம் கவனித்து 1963-ல் நூல் எழுதினார். குருவி தன் கூட்டிடத்தை எளிதில் விடாது, துணை இறந்தால் சீக்கிரமே வேறு துணை வந்து சேரும் என்பதுதான் அவர் கண்டதும். வீடு அதே வீடாக இருக்கும், ஆள் மாறியிருப்பார்.

குறித்துவைக்கும் முறை

22. ஆளுக்கு ஒரு அட்டை, முகத்துக்கு ஒரு படம். இங்கிலாந்தில் ஸ்லிம்பிரிட்ஜ் ஏரிக்கு வரும் பெவிக் அன்னங்களை 1964 முதல் பீட்டர் ஸ்காட் குடும்பத்தார் அலகின் மஞ்சள்-கறுப்பு வடிவத்தை வரைந்தே தனித்தனியாக அடையாளம் கண்டார்கள், ஒவ்வொன்றுக்கும் பெயரும் வைத்தார்கள். நமக்கும் அதே முறை போதும். பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தில் குருவியின் முன்தோற்றம் ஒன்று, பக்கவாட்டுத் தோற்றம் இரண்டு வரைந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்ததை அதில் தீட்டுங்கள். ஓவியம் வராது என்று தயங்காதீர்கள். வரைய உட்காரும்போதுதான் "புருவம் எங்கே தொடங்கியது?" என்ற கேள்வியே வரும், மறுநாள் கண் தானாக அங்கே போகும். பெயரும் அடையாளத்திலிருந்தே வரட்டும்: முக்கால்விரல், வெள்ளைப்பொட்டு, கோணவால். கோணவாலுக்கு வால் நிமிர்ந்ததும் பெயரை மாற்றிவிடாதீர்கள், அட்டையில் தேதி போட்டு எழுதினால் போதும்.

23. கைபேசியை ஸ்லோமோஷனில் வையுங்கள். ஸ்டாண்டிலோ ஜன்னல் கம்பியிலோ கட்டி, நீங்கள் தொங்கவிட்ட குச்சியைக் குறிவைத்துப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பிய விரலும் இறக்கைப் பட்டையும் கிடைக்கும். ஃப்ளாஷ் வேண்டாம். பெட்டிக்குள் வைக்கும் இரவுக் கேமரா கறுப்பு வெள்ளையில்தான் காட்டும், நிற அடையாளம் எதுவும் அதில் நிற்காது. ஒப்பிடும்போது தலை ஒரே நிலையில் உள்ள இரண்டு படங்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

24. நூல் கட்டுவது, சாயம் பூசுவது கூடவே கூடாது. சின்ன வயதில் தெருப் பையன்கள் குருவிக் காலில் சிவப்பு நூல் கட்டிவிட்டதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நூல் கிளையில் மாட்டும், அல்லது பதினாறாவது குறிப்பில் சொன்ன கதி நேரும். நம் டெல்டாவின் தென்கோடியில், கோடியக்கரையில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக வலசைப் பறவைகளுக்கு எண் பொறித்த வளையம் இட்டுவருகிறார்கள். அது பயிற்சி பெற்றவர்கள் அனுமதியோடு செய்யும் வேலை. காட்டுப் பறவையைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. எங்காவது வயலில், உப்பளத்தில் வளையம் போட்ட பறவை தென்பட்டால் படம் எடுத்து, எண்ணைக் குறித்து, அந்தக் கழகத்துக்குத் தெரிவியுங்கள். நாம் செய்யக்கூடிய நல்ல உதவி அது.

25. கண்ணை வேறு பறவைகளிலும் பழக்குங்கள். கோயில் மதிலில் உட்காரும் மாடப்புறாக்கள் முதல் வகுப்புப் பாடம். பட்டை போட்டது, கட்டம் போட்டது, செம்பட்டை, வெள்ளை கலந்தது என்று ஒன்றைப்போல் ஒன்று இராது, பத்தே நிமிடத்தில் நான்கைப் பிரித்துவிடலாம். குண்டுக்கரிச்சானில் ஆண் பளபளக்கும் கறுப்பு, பெண் சாம்பல். மைனாவில் ஆணும் பெண்ணும் ஒன்றுபோல் இருப்பதால் அது கடினமான பாடம். தலை இறகு கொட்டி மஞ்சள் தோல் தெரியும் மைனா வேறு இனமல்ல, இறகு முளைத்ததும் பழைய ஆள்தான். மயிலாடுதுறைக்குப் பக்கத்து மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் இந்த டெல்டாவின் கூகைக் கூடுகளையும் குஞ்சுகள் வளரும் விதத்தையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். வயலில் எலிக்காக நட்ட 'டி' வடிவக் குச்சியில் இரவு வந்து உட்காரும் கூகைக்கு மார்பில் கரும்புள்ளிகள் உண்டு. பொதுவாகப் பெட்டைக்குப் புள்ளி அதிகம். டார்ச் அடித்து விரட்டாமல் பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

கடைசியாக ஒரு பழக்கம். நோட்டில் பெயர் எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் விட்டுவையுங்கள். உறுதியாகத் தெரிந்தால் அதில் ஒரு டிக், சந்தேகம் என்றால் கேள்விக்குறி. முதல் மாதம் எல்லாம் கேள்விக்குறியாகத்தான் இருக்கும். என் நோட்டில் இப்போதும் பாதி அப்படித்தான். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு உங்கள் வீட்டுக் குருவிகளை எண்ணித் தரும்போதும், "எட்டு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைவிட, "ஒரே நேரத்தில் ஐந்து பார்த்தேன்" என்பது மதிப்புள்ள வரி.

முக்கால்விரல் என்று இப்போது பெயர் மாறியிருக்கும் பழைய அரைத்தாடி, நேற்றுக் காலை குச்சியில் உட்கார்ந்திருந்தது. காலைத் தூக்கவில்லை. பென்சிலால்தான் எழுதினேன்: முக்கால்விரல், கேள்விக்குறி.